நாற்பத்து மூன்றாவது வரி

அந்தக் கம்ப்யூட்டர் டீச்சரைப் போல் ஒரு பயந்த பிறவியை நான் பார்த்ததில்லை. பல்லிக்கும் பாம்புக்கும் பயப்படுவதைச் சொல்லவில்லை. ஒருமுறை மேசைக்கடியில் சுருண்டு கிடந்த சாரைப்பாம்பை விளக்குமாற்றால் தள்ளி வெளியே விட்டுவிட்டு வந்து, பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் அவர். அவருடைய பயம் வேறு. சாத்திய கதவு, ஒரே அறைக்குள் கூட்டம், நைலான் சேலை, பேச்சு நடுவில் திடீரென்று விழும் அமைதி, இவற்றைக் கண்டால் முகம் செத்துவிடும். எந்த அறைக்குள் நுழைந்தாலும் வெளியே ஓட எத்தனை வழி இருக்கிறது என்று முதலில் பார்ப்பார். கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார். பிள்ளைகளும் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் உட்கார்ந்த பிள்ளையை எழுப்பி மறுபடி வாசலுக்கு அனுப்பிவிடுவார்.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் போகும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம், நைலான் துணி உரசி உடம்பில் ஏறிய கரண்ட் இறங்கிவிடுவதற்காக. சின்ன வயதிலிருந்து இருபது வயது வரைக்கும் அவர் அங்கே வேலை பார்த்தவர். அப்புறம் தபால் வழியில் படித்து, சாத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிப்ளமா முடித்து, எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். வேலை மாறிவிட்டது, கைதான் மாறவில்லை.

“டீச்சர், இது கம்ப்யூட்டர். இது வெடிக்காது” என்று ஒரு நாள் நான் கிண்டலடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“பயமில்லன்னு சொன்னவுக பேரெல்லாம் எனக்குத் தெரியும் சார். யாரு எந்த வருசம் போனாகன்னும் தெரியும்” என்றார்.

நான் விருதுநகர் பஜாரில் பிறந்து வளர்ந்தவன். மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் பட்டாசு என்றால் தீபாவளிக்கு வாங்குவது, அவ்வளவுதான். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். அந்த டீச்சர் ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். எங்களோடு இருந்தது இரண்டரை வருடம்தான். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ஆனால் இன்றைக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் என் கண் முதலில் பின்வாசலைத் தேடுகிறது. யார் ஒட்டவைத்த வியாதி என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பள்ளியில் படித்த பிள்ளைகளின் அம்மாமார்கள் அநேகமாக எல்லோருமே சுற்றுவட்டாரப் பட்டாசுக் கம்பெனிகளில்தான் வேலை பார்த்தார்கள். அவற்றில் பெரிய கம்பெனியின் முதலாளி பள்ளிக் கமிட்டியில் இருந்தார். அவர் கொடுத்ததுதான் பத்து கம்ப்யூட்டர்களும். அறைக்கு வெள்ளையடித்து, கல்வெட்டு வைத்து, டீச்சருக்குச் சம்பளமும் அவரே கொடுத்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒன்றுகூடக் கம்ப்யூட்டர் தெரியாமல் பள்ளியை விட்டுப் போகக் கூடாது என்று திறப்பு விழாவில் பேசினார். நல்ல மனுஷன்தான். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

வகுப்பில் நாற்பத்து மூன்று பிள்ளைகள், கம்ப்யூட்டர் பத்து. ஆனால் டீச்சர் உள்ளே விட்டது நாலே நாலு பேரை. அவர்கள் வெளியே வந்த பிறகு அடுத்த நாலு பேர். பட்டாசு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம், அதை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டு எங்கள் உயிரை வாங்கினார். ஆறு கம்ப்யூட்டர் துணி போர்த்திச் சும்மா கிடக்கும். தலைமையாசிரியர் கத்துவார். டீச்சர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, மறுநாளும் நாலு பேரைத்தான் விடுவார். நாலு பேர் என்றால் ஒன்று ஆனால் இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம், பத்துப் பேரை இழுக்கத் தனக்குக் கை இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

மற்ற பள்ளிகளில் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் மயில் வரைந்தார்கள், வீடு வரைந்தார்கள். எங்கள் பிள்ளைகள் முதல் மாதமே எக்செல் படித்தார்கள். காலையில் பிரேயருக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன் வரியை நிரப்ப வேண்டும். பிள்ளையின் பெயர், அம்மா வேலை பார்க்கிற கம்பெனி, ரூம் நம்பர், வீடு திரும்பும் நேரம். கடைசியில் இரண்டு கட்டம். அம்மா காலையில் கட்டிக்கொண்டு போன சேலையின் நிறம், மருந்து படியும் என்பதால் கம்பெனியில் போய் மாற்றிக்கொள்ளும் பழைய சேலையின் நிறம்.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சும்மா ஒரு பயிற்சி என்றுதான் நினைத்தேன். பலனும் கண்கூடாகத் தெரிந்தது. என் வகுப்பில் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், வரிசை என்றால் என்ன, சதவீதம் என்றால் என்ன என்று எனக்கே விளக்கினார்கள். எந்தக் கம்பெனியில் எத்தனை பேர் என்று பிரித்துக் காட்டுவது, ரூம் நம்பர்படி அடுக்குவது, எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதிலும் மாரீஸ்வரி என்றொரு பெண். ஒல்லி உடம்பு, எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, கீபோர்டைப் பார்க்காமலே தட்டுவாள். டீச்சர் இல்லாத நேரத்தில் அவள்தான் டீச்சர்.

ஒரு நாள் காலையில் மாரீஸ்வரியின் அம்மா வந்துவிட்டார். கம்பெனி வேன் வருவதற்குள் பேசிவிட்டுப் போக வேண்டுமென்று மூச்சு வாங்க நின்றார். நான் வராந்தாவில் இருந்தேன்.

“டீச்சர், எம்பிள்ளை தெனமும் வாசல்ல நின்னு என்னைய ஏற இறங்கப் பாக்குது. என்ன கலரு, என்ன பார்டருன்னு கேக்குது. பொணத்தைப் பாக்குற மாதிரி பாக்குது டீச்சர். நான் போயிருவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீகளா?”

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “பயமா இருக்குல்லக்கா. எனக்கும் அப்படித்தேன் இருக்கு” என்று மட்டும் சொன்னார். வேன் ஹாரன் அடித்தது, அந்த அம்மா ஓடினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறீர்களா, இழவு வீட்டுக்குத் தயார் செய்கிறீர்களா என்று மதியச் சாப்பாட்டின்போது கேட்டே விட்டேன். அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். அவருக்கு இருபது வயதாக இருக்கும்போது அவர் அம்மா வேலை பார்த்த ரூம் வெடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் முகத்தை வைத்து யாரையும் அடையாளம் சொல்ல முடியவில்லை. என்ன சேலை என்று கேட்டார்கள். காலையில் பச்சைச் சேலையில் போனதைப் பார்த்திருந்ததால் பச்சை என்று சொல்லியிருக்கிறார். பச்சைத் துணி ஒட்டியிருந்த உடம்பைக் கொடுத்தார்கள், கொண்டுபோய் எல்லாக் காரியமும் செய்தார்கள். எட்டாம் நாள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு குடும்பம் தேடி வந்தது. இவர்கள் காரியம் செய்தது அவர்கள் வீட்டு அம்மாவுக்கு. இவருடைய அம்மா கம்பெனியில் போய்ப் பழுப்புச் சேலைக்கு மாறியிருந்தார், அந்தப் பதற்றத்தில் இவருக்கு அது தோன்றவே இல்லை. கேட்பாரில்லை என்று அவரை வேறு யாரோ அடக்கம் செய்துவிட்டார்கள்.

“எங்கம்மான்னு நெனச்சு யாரோ ஒரு அம்மாவைக் கட்டிப்பிடிச்சு அழுதிருக்கேன் சார்” என்றார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் முன்சீட்டிலிருந்த பெண்களின் சேலை நிறத்தை என் மனது தானாகக் குறித்துக்கொண்டே வந்தது. ஊதா, மாம்பழ மஞ்சள், அரக்கு. நிறுத்த முடியவில்லை. பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் முதலாளி தன் கம்ப்யூட்டர்களைப் பார்க்க வந்தார். கூட நாலைந்து பேர். தலைமையாசிரியர் பிள்ளைகள் எல்லோரையும் அறைக்குள் அடைத்துவிட்டார். டீச்சர் கதவோரம் ஒட்டிக்கொண்டு வேர்த்து நின்றார். படம் வரைந்து காட்டினால் போதும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஆனால் மாரீஸ்வரிக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. “அய்யா, உங்க கம்பெனில எங்க கிளாஸ் அம்மாமாரு எத்தனை பேருன்னு ஒரு நொடியில காட்டட்டுமா?” என்றாள். காட்டு பாப்போம் என்றார் அவர்.

காட்டினாள். பதினோரு பெயர். பிறகு ரூம் நம்பர்படி அடுக்கினாள். “பதினாலாம் நம்பர் ரூம்ல மட்டும் எங்க கிளாஸ் அம்மாமாரே ஆறு பேருய்யா. எங்கம்மாவும் அங்கனதேன். ஆனா கதவுல நாலு பேருன்னு எழுதியிருக்காம். போர்டுதேன் தப்பா இருக்கும், இல்லய்யா?”

அறை அமைதியாகிவிட்டது. நான் டீச்சரைத்தான் பார்த்தேன். அவர் கண் வாசலில் இருந்தது. முதலாளி சிரித்தார். கெட்டிக்காரப் பிள்ளை என்று மாரீஸ்வரியின் தலையைத் தடவி, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு பூரித்துப்போய் நின்றாள்.

சாயங்காலம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பட்டியல் விடிந்தால் இருக்கக் கூடாது, இருந்தால் கம்ப்யூட்டரும் இருக்காது, கம்ப்யூட்டர் டீச்சரின் வேலையும் இருக்காது, நிரந்தரமாகாத என் வேலையைப் பற்றி நானே யோசித்துக்கொள்ள வேண்டியது என்றார். நான் ரொம்பவெல்லாம் யோசிக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து பட்டியலை அழித்தேன். டீச்சர் மேசையில் நகல் வைத்திருந்த ஃப்ளாப்பியையும் விடவில்லை. கை நடுங்கியது என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். நடுங்கவில்லை.

டீச்சர் வந்ததும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “சேலைக் கட்டமும் போச்சா சார்?” என்று கேட்டார். எல்லாமே போய்விட்டது என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து வெகு நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தோடு மாரீஸ்வரி பள்ளிக்கு வருவது நின்றுபோனது. பிள்ளைக்கு வாய் நீளம், இனிமேல் பள்ளிக்கு அனுப்பினால் நீ வேலைக்கு வராதே என்று கம்பெனி போர்மேன் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். டீச்சர் மூன்று தடவை வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். “சீசன் முடியட்டும் டீச்சர், எங்க பொழப்புல மண்ணப் போட்டுறாதீக” என்று அந்த அம்மா கும்பிட்டாராம். அப்புறம் ஒரு நாள் காலையில் என் பஸ்ஸை ஒட்டிக் கம்பெனி வேன் வந்து நின்றது. ஜன்னலோரம் அம்மா மடியை ஒட்டி மாரீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகூப்பினாள். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

டீச்சரிடம் அதைச் சொன்னேன். தானும் பார்த்ததாகச் சொன்னார். அதன் பிறகு அவர் பாடம் நடத்தும்போதெல்லாம் காது வெளியேதான் இருந்தது. சாக்பீஸ் டப்பா விழுந்தால்கூடத் தூக்கிவாரிப்போடும்.

தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். காலை பதினோரு மணிக்கு நான் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் முதலில் காலில்தான் தெரிந்தது. தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது, அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. ஜன்னல் கண்ணாடி உதிர்ந்தது. மேற்கே புகை எழுந்தது. யாரும் அழவில்லை, கத்தவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். வீட்டுக்கு ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். ஓடியது கம்ப்யூட்டர் அறைக்கு.

நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் முதல் கம்ப்யூட்டரைப் போட்டிருந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். பெயர், கம்பெனி, ரூம், காலைச் சேலை, மாற்றுச் சேலை. அன்றைய சேலை. பட்டியல் போய் மூன்று வாரமாகிறது, ஆனால் ஒரு பிள்ளைகூட வாசலில் நின்று அம்மாவைப் பார்ப்பதை நிறுத்தியிருக்கவில்லை. அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அங்கே நிற்கக் கூசியது.

தலைமையாசிரியர் போனை வைத்துவிட்டு வந்தார். முதலாளியின் கம்பெனி, பதினாலாம் நம்பர் ரூம் என்றார். கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

டீச்சர் அந்த ரூம் நம்பரை மட்டும் பிரித்தெடுத்து பிரிண்ட் போட்டார். ஐந்து வரிகள். அந்த ஐந்து பிள்ளைகளையும் தமிழ் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“மொத்தம் நாப்பத்திரெண்டு வரிதேன் இருக்கு சார்” என்றார். எந்த வரி இல்லை என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பி.டி. சாரின் பைக்கை வாங்கிக்கொண்டு போனோம். பின்னால் உட்கார்ந்திருந்தவர் நடுங்கிய நடுக்கத்தில் வண்டியே ஆடியது. திரும்பிப் போய்விடலாமா டீச்சர் என்று கேட்டேன். அப்படிக் கேட்டது அவருக்காக இல்லை.

பதினாலாம் ரூம் இருந்த இடத்தில் அஸ்திவாரம் மட்டும் இருந்தது. வாடையை எழுத எனக்கு இஷ்டமில்லை. தீயணைப்பு வண்டி ஒன்று, போலீஸ் ஜீப் ஒன்று, இரண்டும் இன்ஜினை அணைக்காமல் நின்றன. கேட்டுக்கு வெளியே பெண்கள் தரையில் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். கம்பெனி ஆள் ஒருவர் நோட்டைப் பார்த்து, அந்த ரூமில் நாலு பேர்தான் என்று போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் பிரிண்டை நீட்டினார். தாள் படபடத்ததில் யாராலும் வாசிக்க முடியவில்லை. நான் வாங்கி வாசித்தேன். ஐந்து பெயர், ஐந்து சேலை. போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

“இன்னும் ரெண்டு பேரு இருக்காக” என்றார் டீச்சர். “ஒரு அம்மா. அவுக மகளும்.”

பிள்ளைகள் யாரும் இங்கே வேலை பார்க்கவில்லை என்றார் கம்பெனி ஆள். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். சொன்னால் என் வேலை அன்றோடு போனது என்று எனக்குத் தெரியும். “பார்க்கிறாள். வேனில் போனதை நான் பார்த்தேன்” என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களில் சின்னப் பிள்ளை யாரும் இல்லை என்றார்கள். இடிபாட்டிலும் கிடைக்கவில்லை. டீச்சர் கம்பெனி வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த சீமைக்கருவேலங்காட்டைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார்.

“சார், அந்த ரெண்டு வண்டியவும் அமத்தச் சொல்லுங்க” என்றார். “பிள்ளைக வேலை பாக்குதான்னு செக் பண்ண ஆபீசருக ஜீப்புலதேன் வருவாக. ஜீப்பு சத்தம் கேட்டா முள்ளுக்குள்ள போயி படுத்துக்கிடணும்னு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்திருப்பாக. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வரக்கூடாது. நானும் படுத்திருக்கேன் சார்.”

கெஞ்சிக் கேட்டேன். இன்ஜின்கள் நின்றன. திடீரென்று எல்லாம் அமைதியானது. டீச்சர் அந்த அமைதிக்குள் தனியாக நடந்து போனார். வேலியைத் தாண்டி முள்ளுக்குள் இறங்கியபோது சேலை மாட்டிக் கிழிந்தது, எடுத்துவிடக்கூட நிற்கவில்லை.

“மாரீஸ்வரி, டீச்சர் வந்திருக்கேன் தாயி. ஜீப்பு போயிருச்சு.”

பத்தடி போய் மறுபடி சொன்னார். அப்படி எத்தனை தடவை சொன்னாரோ தெரியாது. நான் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை குரல் உடைந்துபோய்ப் பாதியில் நின்றது. அப்போது தரையோடு ஒட்டிய ஒரு புதர் அசைந்தது.

தவழ்ந்துதான் வெளியே வந்தாள். ஒரு பக்கத்துச் சடை கருகிப்போயிருந்தது. முழங்கை வரைக்கும் பட்டாசுக்குப் போடும் வெள்ளிப் பவுடர், முகமெல்லாம் முள் கீறல். கையில் ஒரு பிளாஸ்டிக் குடம். தண்ணீர் எடுக்க அனுப்பியிருக்கிறார்கள், அதனால்தான் உயிரோடு இருந்தாள். டீச்சர் அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போனேன். மாரீஸ்வரி அஸ்திவாரம் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக ஜீப்பைப் பார்த்தாள். பார்த்ததும் டீச்சரின் கிழிந்த முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“டீச்சர், என்னைய இங்கன பாத்தோம்னு யார்கிட்டயும் சொல்லிராதீக” என்றாள். “அம்மாவுக்கு வேலை போயிரும்.”